பள்ளி மைதானத்துக்கு நிதி: வசூலுக்கு முன் இடமும் கணக்கும்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் உள்ள ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். என் மகள் அங்கே ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால், மதில் சுவருக்குள்ளேயே, ஏறக்குறைய இரண்டு கிரவுண்டு இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அதை விளையாட்டு மைதானமாக்க 14 லட்சம் ரூபாய் ஆகும் என்று ஓர் ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெற்றோரிடமும் கடைக்காரர்களிடமும் கேட்டதில் இதுவரை 62,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதை என் கணவரின் ஜிபே எண்ணில்தான் வாங்கினோம். எண்ணூர்ப் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலையில் கேட்டபோது 80ஜி ரசீது, சிஎஸ்ஆர் எண் என்றெல்லாம் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் 2 லட்சம் தருவதாகச் சொல்கிறார். நூறு ரூபாய்க்குக் குலுக்கல் சீட்டு விற்றால் சீக்கிரம் சேர்ந்துவிடும் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். புதிதாக ஒரு டிரஸ்ட் தொடங்கலாமா? எங்கிருந்து எப்படி ஆரம்பிப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டவற்றுள் இரண்டுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். குலுக்கல் சீட்டு வேண்டாம். புதிய டிரஸ்டும் வேண்டாம். மற்றவை எல்லாம் நடக்கக்கூடியவையே. ஆனால் நீங்கள் தொடங்கியிருக்கும் வரிசையை மாற்ற வேண்டும். இடத்துக்கான அனுமதி, மாநகராட்சிப் பொறியாளர் போட்டுக் கொடுத்த மதிப்பீடு, பணம் வந்து சேர்வதற்குப் பள்ளியைச் சேர்ந்த ஒரு கணக்கு ஆகிய மூன்றும் கையில் இருந்தால், நீங்கள் திரட்ட வேண்டிய தொகையே இப்போது நினைத்திருப்பதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைய வழியிருக்கிறது. அறக்கட்டளைகளுக்கும் பள்ளிகளுக்கும் தணிக்கை செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய முயற்சிகள் கொடுப்பார் இல்லாமல் நிற்பதைவிட, கொடுக்க வந்தவருக்கு யார் பெயரில் ரசீது போடுவது என்று தெரியாமல் நிற்பதே அதிகம். உங்களிடம் அந்தத் தொழிற்சாலை கேட்டதும் அதைத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் கணவரின் கணக்கில் இருக்கும் 62,000 ரூபாயை வெளியே எடுத்துவிடுங்கள். அவருடைய நாணயத்தைப் பற்றி யாருக்கும் ஐயம் இருக்காது. ஆனாலும் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் அன்பளிப்பாகப் பெறும் பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், அந்த முழுத் தொகையையும் அவருடைய வருமானமாகக் கருதி வரி போட வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் அந்த எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். இது அவருக்கு வந்த அன்பளிப்பு அல்ல, பள்ளிக்காக அவர் வாங்கி வைத்திருந்த பணம் என்பதைக் காட்ட எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஆகவே அந்தக் கணக்கின் வங்கி அறிக்கையை அச்செடுத்து, மைதானத்துக்காக வந்த ஒவ்வொரு வரவுக்கும் எதிரே கொடுத்தவர் பெயரை எழுதுங்கள். அந்தப் பட்டியலை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, இன்னார் இவ்வளவு வாங்கினார், அதை இந்தக் கணக்குக்கு மாற்றுகிறார் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடும் கழகக் கணக்கு இருந்தால் அதற்கே பணத்தை ஒரே தவணையில் வங்கி வழியாக மாற்றலாம். ரொக்கமாக எடுத்துப் போய்க் கட்ட வேண்டாம். எடுத்த தொகையும் கட்டிய தொகையும் ஒன்றுதான் என்பதைப் பிறகு நிரூபிக்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்குக்கு வங்கியிலேயே கியூஆர் அட்டை கேட்டு வாங்கலாம். இனி எந்தத் தனிமனிதரின் எண்ணிலும், அது உங்கள் எண்ணாகவே இருந்தாலும், பள்ளிக்கான பணம் ஒரு ரூபாய்கூட வரக்கூடாது.

குலுக்கலை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த யோசனையைச் சொன்ன பெற்றோர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு எண் போட்ட சீட்டைக் கொடுத்து, குலுக்கி எடுத்து ஒருவருக்குப் பரிசு தருவது, கோயிலுக்கானாலும் பள்ளிக்கானாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். அச்சடித்த சீட்டில் பள்ளியின் பெயர் இருந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். அதைவிட, அன்றாடக் கூலியைச் சீட்டில் விட்ட வீடுகள் வடசென்னையில் எத்தனை இருந்தன என்பது உங்களுக்கே தெரியும். அந்த வீடுகளின் பேரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெயரில் மறுபடியும் சீட்டு விற்க வேண்டாம்.

இப்போது இடத்துக்கு வருவோம். மதில் சுவருக்குள் இருப்பதாலேயே அந்த இடம் பள்ளியுடையது என்று ஆகிவிடாது. பழைய வடசென்னையில் ஒரே வளாகத்துக்குள் மாநகராட்சி நிலம், ரயில்வே நிலம், கோயில் நிலம், குடியிருப்பு வாரிய நிலம் என்று கலந்து கிடப்பது உண்டு. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையிலேயே எடுக்கலாம். தலைமையாசிரியரிடம் சர்வே எண் இருக்கும். அதில் உரிமையாளர் மாநகராட்சி என்று இருந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது. அதன்பின் மேலாண்மைக் குழுத் தீர்மானத்தை இணைத்து, அந்த இடத்தை மைதானமாக மேம்படுத்த அனுமதியும் மதிப்பீடும் கேட்டு, தலைமையாசிரியர் வழியாக மாநகராட்சிக் கல்வித் துறைக்கும் தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அந்த மனுவை நீங்கள் தயவு கேட்கும் தொனியில் எழுத வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று அட்டவணையில் சொல்லும்போது, வகுப்பறை, குடிநீர், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை ஆகியவற்றோடு விளையாட்டு மைதானத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுதான் உங்கள் குழுவை உண்டாக்கியது. அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் பொறுப்பையும் அதுவே உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. 22ஆம் பிரிவின்படி நீங்கள் தயாரிக்க வேண்டிய பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் இந்த மைதானம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் எந்த நிறுவனத்தின் கதவைத் தட்டினாலும், இது ஒரு சில பெற்றோரின் ஆசை அல்ல, பள்ளியின் எழுத்துப்பூர்வமான திட்டம் என்று காட்ட அது உதவும்.

ஒப்பந்ததாரர் கொடுத்த 14 லட்சம் கணக்கை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது: மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்கிறீர்கள். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பகுதிகளில் சாலைகளைப் பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் பல இடங்களில் தெரு உயர்ந்து, வீட்டு வாசலும் பள்ளி வளாகமும் பள்ளத்துக்குப் போய்விட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தண்ணீர் எங்கே நின்றது, எத்தனை நாள் நின்றது என்று பள்ளிக் காவலரையும் பின் வீட்டுக்காரர்களையும் கேட்டு, அந்த அளவைச் சுவரில் ஒரு கோடாகக் குறித்துவையுங்கள். பொறியாளர் வரும்போது காட்ட வேண்டிய முதல் பொருள் அந்தக் கோடுதான். தண்ணீர் வெளியேற வழி செய்யாமல் சறுக்குமரமும் ஊஞ்சலும் வாங்கிப் போட்டால், ஒரே வடகிழக்குப் பருவமழையில் மண் இறங்கி, குழாய்களின் அடிப்பகுதி துருப்பிடித்து, நன்கொடை கொடுத்தவர் கண்முன்னாலேயே அது பாழாகும். ஆகவே மதிப்பீட்டில் பெரும்பகுதி மண் நிரப்பல், சமன் செய்து உருளை ஓட்டுதல், மழைநீர் வடிகாலோடு இணைப்பு ஆகியவற்றுக்கே போகிறது என்றால் கவலைப்படாதீர்கள். விளையாட்டுச் சாமான்களுக்கே பெரும்பகுதி போகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

மண் நிரப்பும்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இடித்த கட்டடக் கழிவையோ, இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்து கொட்டும் ஆலைச் சாம்பலையோ ஏற்க வேண்டாம். கண்ணாடித் துண்டும் கம்பி முனையும் மழையில் மேலே வரும். சாம்பல் கோடையில் பிள்ளைகளின் மூச்சுக்குள் போகும். லாரிக் கூலி மிச்சமாவதைவிட அது பெரிய நஷ்டம்.

இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி. அதில் என்ன அடங்கும் என்று முதலிலேயே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. கோ கோ ஆடுகளம் 27 மீட்டருக்கு 16 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4,650 சதுர அடி. அதை வைத்தால் வேறு எதற்கும் இடமிருக்காது. 18 மீட்டருக்கு 9 மீட்டர் அளவுள்ள கைப்பந்து ஆடுகளம் ஒன்றும், பெண்களுக்கான 12 மீட்டருக்கு 8 மீட்டர் கபடி ஆடுகளம் ஒன்றும் சேர்ந்தே 2,800 சதுர அடிக்குள் அடங்கிவிடும். மீதியில் ஆடுகளங்களைச் சுற்றி ஓடுவதற்கு இடம் விட்டு, ஒரு மூலையைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். கால்பந்துக்குப் பெயர் போன வியாசர்பாடி பக்கத்திலேயே இருப்பதால் பையன்கள் கால்பந்து மைதானம்தான் கேட்பார்கள். இந்த இடத்தில் முழு மைதானம் வராது. சிறிய கோல் கம்பங்கள் வைத்துப் பயிற்சி செய்யலாம் என்று அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 6 அடி வெற்றிடமும், கீழே சிமெண்டுத் தரைக்குப் பதில் ஓர் அடி ஆழத்துக்கு மணலும் இருக்கட்டும். கடற்காற்று வரும் இடமாகையால் துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய்களையே கேளுங்கள். தகரச் சறுக்குமரம் சென்னை வெயிலில் தொடையைச் சுடும். ஃபைபரில் செய்தது விலை கூடினாலும் அதுவே ஏற்றது.

மதிப்பீடு வந்தபின் பணத்தைத் தேடும் வழிகளில் முதலில் பார்க்க வேண்டியது நமக்கு நாமே திட்டம். பொதுமக்கள் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்தினால் மீதியை அரசு போட்டு, உள்ளாட்சியே வேலையைச் செய்து கொடுப்பது அதன் அடிப்படை. 14 லட்சமே மதிப்பீடு என்று வைத்துக்கொண்டால், நீங்கள் திரட்ட வேண்டியது 4 லட்சத்து 67 ஆயிரம். இந்த நிதியாண்டில் இத்திட்டத்தில் உங்கள் மண்டலத்துக்கு ஒதுக்கீடு மீதமிருக்கிறதா என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். தீர்ந்துவிட்டது என்றால் அடுத்த ஆண்டுக்கான பட்டியலில் சேர்க்கக் கேளுங்கள். உங்கள் கவுன்சிலரின் வார்டு நிதி, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் உள்ள மக்களவை உறுப்பினரின் தொகுதி நிதி ஆகியவற்றுக்கும் இதே மதிப்பீட்டோடு மனு கொடுக்கலாம். இவை எல்லாவற்றிலும் பொறியாளர் மதிப்பீடு இல்லாத மனு, படிக்கப்படாமலே கோப்பின் அடியில் கிடக்கும். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் தளத்தில் உங்கள் பள்ளியின் தேவை பதிவாக முடியுமா என்றும் தலைமையாசிரியரைக் கேளுங்கள்.

அடுத்து, தொழிற்சாலை கேட்ட கேள்வி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; சிஎஸ்ஆர் என்பது இந்தச் சமூகப் பொறுப்புச் செலவுதான். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. மணலியில் சென்னை பெட்ரோலியம், எண்ணூரில் அசோக் லேலண்டும் காமராஜர் துறைமுகமும், திருவொற்றியூரில் எம்ஆர்எஃப் என்று பெரிய நிறுவனங்கள் நிறைந்த வட்டாரம் உங்களுடையது. அந்த ஆலைகளின் புகையையும் லாரிகளையும் நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறீர்கள், தயங்கவே வேண்டாம்.

நிறுவனம் கேட்கும் சிஎஸ்ஆர் எண், அதன் பணத்தை வாங்கி வேலையைச் செய்து கொடுக்கும் அமைப்புக்கு உரியது. 2021 ஏப்ரல் முதல் அத்தகைய அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அறப்பணி அமைப்புகளுக்கு வருமான வரித் துறை தரும் 12ஏ, 80ஜி பதிவுகளும், ஒத்த பணிகளில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். நீங்கள் நாளைக்கே டிரஸ்ட் பத்திரம் பதிந்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு அது இந்தப் பணத்துக்கு உதவாது. அதற்குள் உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருப்பாள். அதோடு ஆண்டுதோறும் தணிக்கை, வரிக் கணக்குத் தாக்கல், பதிவைப் புதுப்பித்தல் என்று ஒரு சுமை உங்கள் தலையில் நிற்கும். ஆகவே டிரஸ்டை விட்டுவிட்டு நிறுவனத்துக்கு இரண்டு வழிகளைச் சொல்லுங்கள். நிறுவனமே தன் ஒப்பந்ததாரரை வைத்து மைதானத்தை அமைத்து மாநகராட்சியிடம் ஒப்படைக்கலாம். சிஎஸ்ஆர் பணத்தில் உருவாகும் சொத்து பொது அதிகார அமைப்பின் பெயரில் இருக்க விதி இடம் தருகிறது. அல்லது, ஏற்கெனவே பதிவும் அனுபவமும் உள்ள ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் பணத்தை வாங்கி வேலையைச் செய்து தரலாம். இரண்டாவது வழியில் போனால் நிர்வாகச் செலவுக்கு அவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள், பில்களின் நகல் மேலாண்மைக் குழுவுக்குத் தரப்படுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த நிறுவனத்திடம் கேட்கப் போகிறீர்களோ அதன் இணையதளத்தில் சிஎஸ்ஆர் கொள்கையும் ஒப்புதல் பெற்ற பணிகளின் பட்டியலும் இருக்கும். அவற்றை வெளியிட வேண்டும் என்பது விதி. சென்ற ஆண்டு அவர்கள் பள்ளிகளுக்கு என்ன செய்தார்கள் என்று படித்துவிட்டுப் போங்கள். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான திட்டத்தை அவர்கள் முன்கூட்டியே வகுப்பார்கள் என்பதால், டிசம்பர், ஜனவரியிலேயே உங்கள் கடிதம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எத்தனை பிள்ளைகள், அவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது உடற்கல்வி வகுப்பு எங்கே நடக்கிறது, மதிப்பீட்டில் எவ்வளவு ஏற்கெனவே உறுதியாகியிருக்கிறது, அவர்களிடம் கேட்பது எந்தப் பகுதி என்பவை போதும். மழைத் தண்ணீர் நிற்கும் படம் ஒன்றும், அதே இடத்திலிருந்து வெயில் காலத்தில் எடுத்த படம் ஒன்றும் இணையுங்கள். மொத்தத்தையும் கேட்பதைவிட, வடிகாலும் மண் நிரப்பலும் என்பதுபோல முடிந்து தனியாக நிற்கக்கூடிய ஒரு பகுதியைக் கேட்டால் ஒப்புதல் எளிதாகக் கிடைக்கும் என்பது என் கருத்து.

80ஜி என்பது கொடுப்பவருக்குக் கிடைக்கும் வரிச்சலுகை. பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே அது பயன்படும். புதிய முறையைத் தேர்ந்தவருக்கு அந்தக் கழிவு இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. சிமெண்டு மூட்டையாகவோ வலையாகவோ பந்தாகவோ கொடுத்தாலும் கிடைக்காது. பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. உங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு 80ஜி பதிவு இல்லையென்றால், இருப்பதாக ரசீதில் அச்சடித்துவிடாதீர்கள். பதிவுள்ள அமைப்பு நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, 10பிஇ என்ற சான்றிதழை அங்கிருந்து எடுத்துத் தர வேண்டும். அது இல்லாத ரசீதுக்கு மதிப்பில்லை. சலுகை வேண்டும் என்று கேட்பவருக்கு வேறு வழியும் இருக்கிறது: அறப்பணிக்காக மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புக்கே நேரடியாகக் கொடுக்கும் நன்கொடைக்கும், வருமானத்தில் 10 சதவீத வரம்புக்கு உட்பட்டு, 50 சதவீதக் கழிவு உண்டு. நமக்கு நாமே திட்டத்துக்கான பங்கை மாநகராட்சியிடம் செலுத்தும்போது இதையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் அன்பரிடம் நன்றி சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் இப்போது எந்த நாட்டின் குடிமகன்? இந்தியப் பாஸ்போர்ட்டுடன் அங்கே வேலை செய்பவர் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், ரூபாயாகவே கொடுத்தாலும், அது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். அச்சட்டத்தின்கீழ் பதிவு இல்லாத உங்கள் கழகம் அதைத் தொடவே கூடாது. பதிவுள்ள தொண்டு நிறுவனம் அதற்கென வைத்திருக்கும் கணக்கில்தான் வாங்க முடியும். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலைக் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். விவரம் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கங்கள் பழகியவையே.

இனி தெருவில் திரட்டும் சிறு தொகைகள். 14 லட்சத்தையும் பெற்றோரிடமே திரட்ட முயன்றால் கூலிக்குப் போகும் குடும்பங்களை வாட்டுவதாகும்; அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் காசிமேட்டில் மீன் கூடை சுமப்பவர் ஐம்பது ரூபாய் கொடுத்து ரசீது வாங்கினால், அந்த மைதானத்தின் கேட் உடைந்தபோது முதலில் வந்து கேட்பவர் அவராக இருப்பார். அதற்காக அந்த வசூல் நடக்கட்டும், தொகைக்காக அல்ல. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வசூலிக்கும் தெருக்களில், யார் எவ்வளவு கொடுத்தார், அரிசிக்கும் பந்தலுக்கும் எவ்வளவு ஆனது என்று பந்தல் காலிலேயே எழுதி ஒட்டுவார்களே, அந்தப் பழக்கத்தை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். வரிசை எண் அச்சடித்த, அடிக்கட்டை உள்ள ரசீதுப் புத்தகங்கள் மட்டுமே பயன்படட்டும். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்; கிழிந்த ரசீதையும் அடிக்கட்டையோடு சேர்த்துக் குத்தி வைக்கச் சொல்லுங்கள். ரொக்கத்தை மறுநாளே வங்கியில் கட்டுங்கள். வாரம் ஒருமுறை பள்ளி வாசலில் உள்ள கரும்பலகையில் மொத்த வரவையும் செலவையும் சாக்பீஸில் எழுதுங்கள்.

பிள்ளைகள் கையில் உண்டியலைக் கொடுத்துக் கடை கடையாக அனுப்ப வேண்டாம். வகுப்பறையில் யார் வீட்டில் கொடுத்தார்கள், யார் வீட்டில் கொடுக்கவில்லை என்று ஆசிரியர் கேட்கவும் வேண்டாம். சேர்க்கை நேரத்தில் மைதான நிதி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சேர்க்கையோடு சேர்த்து வாங்கும் எந்தப் பணமும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்யும் நன்கொடைக் கட்டணமாகவே பார்க்கப்படும். அதற்கு வாங்கிய தொகையைப் போல பத்து மடங்கு வரை அபராதம் உண்டு.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரர்களிடமும், வட்டாரத்து ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களிடமும் கேட்கும்போது பணமாக முடியாதவர்களிடம் பொருளாகக் கேளுங்கள்: கைப்பந்து வலை, கபடிக்கான விரிப்பு, வேம்போ புங்கையோ நட்டுக் கூண்டு கட்டித் தருதல். வாங்கிய பொருளைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் அன்றே ஏற்றிவிடுங்கள். கடைப் பெயர் போட்டுப் பலகை வைக்கலாமா என்று கேட்பார்கள். கொடுத்தவர் எல்லாருடைய பெயரும், ஐம்பது ரூபாய் கொடுத்தவரானாலும் ஐம்பதாயிரம் கொடுத்தவரானாலும், ஒரே அளவு எழுத்தில் வரும் ஒரே நன்றிப் பலகையை மாநகராட்சி அனுமதியோடு வைப்பதே நல்லது. விளம்பரப் பலகைகளுக்கு இடம் கொடுத்தால் பள்ளிச் சுவர் கடைத்தெருவாகிவிடும்.

கடைசியாக, பணம் திரட்டுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் பராமரிப்பு. ஆண்டுக்கு ஒருமுறை மணல் நிரப்ப வேண்டும், வடிகால் தூர் எடுக்க வேண்டும், துருப்பிடித்த இடத்தில் வண்ணம் பூச வேண்டும், வலை மாற்ற வேண்டும். திரட்டும் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்கென்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கிலேயே தனி வைப்பாக வைக்கும்படி இப்போதே தீர்மானம் எழுதுங்கள். மைதானம் திறந்தபின் யாரும் கொடுக்க மாட்டார்கள். பள்ளி முடிந்தபின் மாலையில் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதா, சாவி யாரிடம், விளக்குக்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்பதையும் மாநகராட்சியோடு பேசி எழுத்தில் முடிவு செய்யுங்கள். திறந்துவிட வேண்டும் என்பதே என் விருப்பம். ஓடி விளையாட இடமில்லாமல் தண்டவாள ஓரத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகள் கொருக்குப்பேட்டையில் இருக்கும்போது, மாலை நான்கரைக்குப் பூட்டிவிடும் மைதானத்துக்காக ஊரில் யாரிடமும் பணம் கேட்க மனம் வராது.

மழைக்கு முன் பொறியாளர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டால், கோடை விடுமுறையில் வேலையைத் தொடங்க நேரம் இருக்கும். முதலில் கணக்கு மாற்றம், தீர்மானம், நில ஆவணம் ஆகிய மூன்றையும் முடியுங்கள். மதிப்பீடு கைக்கு வந்ததும் அதன் நகலோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள். நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்தின் வரைவைப் படித்துத் திருத்தித் தருகிறேன்.